முப்பத்தொன்றாவது கணுக்கால்

காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று சொல்வார்கள். தறிக் குழியில் காலாட்டுகிறவர்களைச் சொன்னது அது. நான் தறியில் உட்கார்ந்ததே இல்லை. ஆனால் அடுத்தவர் காலை ஆட்டிப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். பிசியோதெரபிஸ்ட். பெயர் சிம்ரன். வார்டில் என் பெயரைக் கூப்பிட்டால் எல்லாரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள். என்னைப் பார்த்ததும் மறுபடி குனிந்துகொள்வார்கள். அம்மா என்னைச் சுமந்த காலத்தில் பார்த்த சினிமாவுக்கு நான் என்ன செய்ய முடியும்?

எங்கள் மருத்துவமனையின் எலும்பு டாக்டர் வரதராஜன் கணுக்கால் உடைந்த அறுபது பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார். தகடும் திருகும் வைத்து எலும்பை ஒட்டவைத்துவிடுகிறோம். ஒட்டிய பிறகு அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்பதை யார் சொல்வது, எக்ஸ்ரே படமா, அந்த ஆளா? அந்த ஆளே சொல்லட்டும் என்பதுதான் ஆய்வு. ஆறாவது வாரத்தில் தொடங்கி ஒரு வருடம் முடிகிற வரை ஐந்து தடவை அதே ஒன்பது கேள்விகளைக் கேட்க வேண்டும். வலி, வீக்கம், விறைப்பு, படி ஏறுவது, ஓடுவது, குதிப்பது, குந்தி எழுவது, ஊன்றுகோல், அன்றாட வேலை. எல்லாம் நன்றாக இருந்தால் நூறு மதிப்பெண். கேட்டு எழுதுகிற வேலை என்னுடையது.

கேள்விகளைத் தமிழில் மாற்றி எழுதியதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முதலில் வந்த தமிழில் "ஓடுவதில் சிரமம் உள்ளதா" என்று இருந்தது. அதை ஒரு பாட்டியிடம் படித்தேன். "நான் எதுக்குமா ஓடணும், எவன் தொரத்துறான்?" என்று கேட்டார். நியாயம்தானே. "பஸ் கிளம்பும்போது ஓடிப்போய் ஏற முடிகிறதா" என்று மாற்றினேன். அதன் பிறகு யாரும் யோசிக்கவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடாத மனிதர் இந்த ஜில்லாவில் கிடையாது.

ஆளுக்கு ஒரு தராசு என்று இந்த வேலைக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். வைகாசி கருட சேவைக்குப் பெருமாளைத் தோளில் தூக்குகிறவர் ஒருவர் இருந்தார். ஆறாவது வாரமே எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் சொன்னார். அவருடைய ஊன்றுகோல் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. முழு நூறு போட்டால் கண் பட்டுவிடும், தொண்ணூறு போதும் என்று பேரம் பேசியவர்கள் உண்டு. ஆனால் சொல்வதில் ஏற்றக்குறைச்சல் இருந்தாலும் எல்லாருடைய மதிப்பெண்ணும் ஒரே பக்கமாகத்தான் போகும். மாதம் ஆக ஆக ஏறும். எண் முப்பத்தொன்று மட்டும் இறங்கியது.

முப்பத்தொன்று என்பது லோகாம்பாள் அக்கா. நாற்பத்தாறு வயது, ஐயம்பேட்டை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் மெத்தையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. தாமலில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது, ஏரிக்கரைப் பக்கம் அவர் வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸை மணல் குவியலில் விட்டுவிட்டார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு வலது கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்தது. வண்டி ஓட்டியவர் குடித்திருந்தார் என்று கோப்பில் ஒரு வரி இருக்கிறது.

ஆறாவது வாரம் முப்பது, மூன்றாம் மாதம் அறுபது. நல்ல ஏற்றம். ஆறாம் மாதம் ஐம்பத்தைந்து. ஒன்பதாம் மாதம் போனில் கேட்டபோது நாற்பது. ஓட முடிகிறதா என்றால், ஓடுவதா, வீட்டுக்குள் நடப்பதே தாங்கித் தாங்கித்தான் என்றார்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். எலும்பு கல் மாதிரி ஒட்டியிருந்தது. இப்படி ஒட்டிய காலுக்கு நாற்பது மதிப்பெண் என்றால் கேள்வித்தாளில்தான் கோளாறு என்றார். அந்த அம்மாவிடம் வேறு ஏதோ இருக்கலாம் என்று நான் இழுத்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அவர். கடைசிக் கணக்குப் போடும்போது முப்பத்தொன்றை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு யார் முன்னால் நிற்கிறோம் என்பது மறந்துபோகும். படத்தோடு ஒத்துவருகிற பேச்சை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் எதற்கு வாய் வலிக்கக் கேட்க வேண்டும், படத்தையே கேட்டுக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வருடம் முடிகிற அன்றுவரை நேரம் தருகிறேன், காரணத்தைக் கண்டுபிடித்தால் அந்த அம்மா இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுவேன் என்றார்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை அத்தை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க காந்தி ரோட்டுக்குப் போனேன். எதிர்ப்பக்கத்துக் குடோனிலிருந்து ஒரு பெண் கைநிறையப் புடவைகளோடு வெளியே வந்தார். கடைக்குள் கல்யாணக் கூட்டம் காத்திருந்தது போல. இரண்டு ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து ஓட்டமாக ஓடிவந்தார். ரோட்டோரச் சாக்கடைக்கு மேல் போட்டிருந்த பலகையில் யாரோ நின்றிருந்தார்கள். அவர் நிற்கவில்லை, அப்படியே தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றார். லோகாம்பாள் அக்காதான். ஓடுவதற்கு ஐந்து, குதிப்பதற்கு ஐந்து, மொத்தம் பத்து மதிப்பெண் என் கண்ணெதிரே சாக்கடையைத் தாண்டி வந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். பார்த்த மறு நொடியே வலது காலை நொண்டினார்.

விபத்து வழக்கு ஏதாவது போட்டிருக்கிறார்களோ, இன்சூரன்ஸுக்காக நடிக்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது. கல்யாணக் கூட்டம் போகும்வரை காத்திருந்து, நேராகவே கேட்டுவிட்டேன். என்னை ஏமாற்றுவது உங்களுக்கு விளையாட்டாக இருக்கிறதா என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால், வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாடிப்படிக்குக் கூட்டிப்போனார். டிபன் டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை ஒரு வாய் சாப்பிடவில்லை.

அவர்கள் ஊர்ப் பக்கம் வயல் நடுவே ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி முருகேசன் எத்தனை நாளைக்கு என்று கேட்பார். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், அவரவர் தெம்புக்கு ஏற்ற தேதியைச் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டும். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டுவார். கயிறு கையில் இருக்கிறவரை ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. போனால் முனீஸ்வரன் ரத்தம் கக்க வைப்பார் என்பது நம்பிக்கை. கெடு முடிந்ததும் போய்த் தேங்காய் உடைத்துக் கயிற்றை அறுத்துக்கொள்ளலாம்.

அக்காவின் வீட்டுக்காரர் ஆதிகேசவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். முன்பு இரண்டு தடவை கயிறு கட்டியிருக்கிறார். ஒரு தடவை மூன்று மாதம், ஒரு தடவை ஆறு மாதம். கயிறு இருந்தவரை தங்கம். அறுத்த அன்றே கோயிலிலிருந்து நேராகக் கடைக்குப் போனார், இரண்டு தடவையும். விட்டதற்கெல்லாம் சேர்த்துக் குடித்தார். மூன்றாவது தடவை கட்டியது அக்காவுக்கு ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள். எத்தனை நாளைக்கு என்று பூசாரி கேட்டபோது, அழுதுகொண்டே, இவள் கால் சரியாகிற வரைக்கும் என்று சொல்லிவிட்டார்.

"பூசாரி திட்டியிருக்காரு" என்றார் அக்கா. "'தேதி சொல்லுபா, கால் என்னிக்கி சரியாவும்னு முனீஸ்வரனுக்கே தெரியாது'ன்னு. இவரு கேக்கல. அப்படியே கட்டிக்கினு வந்துட்டாரு. இப்ப நீ சொல்லுமா. சரியாயிடுச்சுன்னு நான் எப்படி சொல்றது?"

ஒரு மனிதருடைய குடிக்குக் கெடு, ஒரு கணுக்கால். அந்தக் கணுக்காலுக்கு மதிப்பெண் போடுகிறவள் நான்.

எங்கள் தாளில் சொல்வது ரகசியம், பெயர்கூட இருக்காது, வெறும் எண்தான், வீட்டுக்காரர் காதுக்குப் போகவே போகாது என்று விளக்கினேன். அக்கா என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீ சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும். நான் வாயத் தொறந்து சொன்னா சாமி கேக்காதா?"

அப்படியானால் பொய் சொன்னால் மட்டும் சாமி கேட்காதா என்று நான் திருப்பினேன். அதற்குத்தான் அக்காவுக்கு ரோஷம் வந்தது. வீட்டில் நொண்டுவது நடிப்பு, அதற்கு முனீஸ்வரனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. ஆனால் என் தாளுக்கு அவர் ஒரு பொய்கூடச் சொன்னது கிடையாதாம். தினமும் காலையில் எழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தகடு இருக்கிற இடத்தைச் சுற்றி விரலால் அமுக்கிப் பார்ப்பாராம். வெளிப்பக்கம் தோலுக்கு அடியில் திருகின் தலை ஒன்று தட்டுப்படும். அங்கே அமுக்கினால் சுருக்கென்று வலிக்கும்.

"வலிச்சா அப்பாடான்னு இருக்கும்மா. அன்னிக்கி முழுக்க நிம்மதியா வேலை செய்வேன். நீ போன் பண்றப்ப அந்த வலியத்தான் சொல்லுவேன். தேடுனா இருக்குது. இல்லாதத சொல்லல."

குரங்கு புண்ணை நோண்டுவது போல என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். வலித்தால் நிம்மதி என்று சொன்ன நோயாளியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒன்பது கேள்விகளையும் மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். எவ்வளவு குணமாயிற்று என்று சுற்றிச் சுற்றிக் கேட்டிருந்தோம். குணமானால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று ஒரு கேள்வி அதில் இல்லை. இருந்திருந்தால் அறுபது பேரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். வீட்டில் புடவையைப் பற்றிக் கேட்டபோதுதான் புடவை எடுக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

யாரிடமும் சொல்வதில்லை என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். டாக்டரிடம் போய், காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல முடியாது என்றேன். சொல்ல முடியாத காரணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர் கேட்டார். கடைசி நாள் வரட்டும், படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்.

அந்தக் கடைசி நாள்தான் இப்போது பெரிய பிரச்சினை. டாக்டர் வரதராஜனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருடம் முடிந்து நோயாளியை அனுப்பும்போது கூட வந்தவர்களையும் உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, எல்லாம் சரியாகிவிட்டது என்று உரக்கச் சொல்லி அனுப்புவார். தன் வேலையை அவரே ரசிக்கிற நேரம் அது. ஆதிகேசவன் கூட வரப்போகிறார். டாக்டர் வாயால் அந்த வார்த்தை வந்துவிட்டால் அத்தோடு கயிற்றின் கெடு முடிந்தது. தனியாக வரப் பார்க்கிறேன் என்று அக்கா சொன்னார். பிறகு, அவர் விடமாட்டேன் என்கிறார் என்றார்.

பதினோராம் மாதம் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. குரல் உள்ளே போயிருந்தது.

"சிம்ரன்மா, நாலு நாளா வலியே வரல. எவ்ளோ அமுக்கினாலும் வரல. கொஞ்சம் வலி வர்ற மாதிரி எக்சர்சைஸ் எதுனா இருக்குதா?"

சிரித்துவிட்டேன். வலியைப் போக்கத்தான் நாலரை வருடம் படித்தேன், வரவைக்கச் சொல்லித்தரவில்லை என்றேன். அக்காவும் சிரித்தார். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. நல்ல கால் ஒன்று ஒரு பெண்ணை இப்படிப் பயமுறுத்தும் என்று யார் நினைத்தது?

ஒரு வருடம் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவிலேயே வந்தார்கள். ஆதிகேசவன் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டு படியேறினார். காக்கிச் சட்டை, வாரிய தலை. கயிறு நிறம் போய், சிவப்பா பழுப்பா என்று சொல்ல முடியாமல் மணிக்கட்டில் தோலோடு தோலாகக் கிடந்தது. அக்காவை எக்ஸ்ரே அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் ஒரு ஆள் இடம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், அந்த நூறு மார்க்குல அவ எவ்ளோ வாங்கறா?"

அதைச் சொல்லக் கூடாது என்றேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் எக்ஸ்ரே அறையின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்றேன். நூறு."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவருடைய வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. கூட்டாளி வண்டியை ஓட்டினாராம். முத்தியால்பேட்டை நிறுத்தத்திலிருந்து வண்டியைக் கிளப்பும்போது, பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பெண் கையில் பையோடு பின்னாலேயே ஓடிவருவது தெரிந்தது. நல்ல ஓட்டம். யாரென்று பார்த்தால் சொந்தப் பெண்டாட்டி. வேறு வண்டியாக இருந்ததால் அக்காவுக்கு ஓட்டுகிறவர் யாரென்று தெரியவில்லை.

"நிறுத்தியிருந்தா ஏறியிருப்பா. ஏறினா நான் பாத்ததா ஆயிடும். நிறுத்தாம போய்ட்டேன் மேடம். அடுத்த வண்டிக்கி அன்னிக்கி அரைமணி நேரமாவது நின்னுக்கினு இருந்திருப்பா. பாவம்."

அன்றே கோயிலுக்குப் போய்க் கயிற்றை அறுத்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கயிற்றை இரண்டு விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"முன்ன ரெண்டு தபாவும் தேதி வெச்சு கட்டினேன். தேதி வெச்சா எண்ண ஆரம்பிச்சுடுவேன். இன்னும் நாப்பது நாளு, இன்னும் பத்து நாளுன்னு. கயிறு கையில இருக்கும், மனசு கடை வாசல்ல குந்திக்கினு இருக்கும். இந்த தபா எண்ண முடியல. அவ கால எப்படி எண்றது? எண்ணிப் பாத்து எண்ணிப் பாத்து, ஒரு நாளு எண்றதையே வுட்டுட்டேன்." எக்ஸ்ரே அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நூறுன்னு மட்டும் போட்டுடாதமா. போட்டா அது ஒரு தேதி ஆயிடும்."

நான் போடுவதில்லை, அக்கா சொல்வதை எழுதுகிறேன், அவ்வளவுதான் என்றேன். அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டார். அவர் எழுந்து போய் அக்காவின் செருப்பை எடுத்துக் கால் பக்கம் வைத்தார்.

டாக்டர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். பேனாவால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். உடைந்த கோடு இங்கே இருந்தது, இப்போது தேடினாலும் கிடைக்காது, மூட்டு சுத்தமாக இருக்கிறது, திருகுகள் அசையவில்லை. நான் கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா படத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரருடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

"கால் முழுசா சரியாயிடுச்சும்மா. இனிமே இங்க வர வேண்டியதில்ல" என்றார் டாக்டர்.

சொல்லிவிட்டார். அக்கா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கும்பிடு எதிர்பார்ப்பார். யாரும் கும்பிடாததால் என்னைப் பார்த்தார்.

ஆதிகேசவன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"படம் நல்லாத்தான் இருக்குது சார். அவள ஒரு வார்த்த கேக்கலியே."

டாக்டர் பேனாவை மூடாமல் அப்படியே கையில் வைத்திருந்தார். மூன்று மாதமாக நான் அவரோடு மல்லுக்கட்டிய பேச்சு அது. அதையே ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் பத்து வார்த்தைக்குள் முடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கேளும்மா என்று டாக்டர் என் பக்கம் கையைக் காட்டினார்.

அக்கா தன் வீட்டுக்காரர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நான் பார்த்ததில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்க ஆரம்பித்தேன். வலி? இல்லை என்றார் அக்கா. வீக்கம்? இல்லை. விறைப்பு? இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவர் குரல் கொஞ்சம் தெளிந்தது. படி ஏற முடிகிறதா? முடிகிறது. பஸ் கிளம்பும்போது ஓடிப்போய் ஏற முடிகிறதா? கொஞ்சம் தயங்கினார். முடிகிறது என்றார். ஆதிகேசவன் அசையவில்லை. குதிக்க முடிகிறதா? முடிகிறது. ஊன்றுகோல் வேண்டுமா? வேண்டாம். வேலை? முன்பு செய்ததெல்லாம் செய்கிறேன்.

குந்தி எழுவதை வழக்கமான இடத்தில் கேட்காமல் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். வேண்டுமென்றுதான். வாழ்க்கையில் நான் செய்த ஒரே தில்லுமுல்லு அதுதான்.

"குந்தி எழ முடியுதாக்கா? எந்தச் சிரமமும் இல்லாம?"

அக்கா குனிந்து வலது கணுக்காலைத் தொட்டார். விரல் பழகிய இடத்துக்குத் தானாகப் போயிற்று. அமுக்கினார். கொஞ்சம் இடம் மாற்றி மறுபடி அமுக்கினார். அவர் முகத்தையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஒரு சுருக்கு இருக்குது" என்றார் அக்கா. "எப்பவாச்சும். குந்தி எழுந்தா."

ஐந்து மதிப்பெண் போயிற்று. தொண்ணூற்றைந்து என்று எழுதினேன். ஐந்தின் கொக்கி பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது.

அந்தச் சுருக்கு திருகினால் வருவதாக இருக்கும், வேண்டுமானால் சின்ன ஆபரேஷன் செய்து திருகை எடுத்துவிடலாம், அதுவும் போய்விடும் என்று டாக்டர் ஆர்வமாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்" என்றார் ஆதிகேசவன். "எங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

அவர்கள் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். மூன்று மாதத்தில் நாற்பதிலிருந்து தொண்ணூற்றைந்தா என்று டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்கள் சொன்னது அதுதான் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எண் முப்பத்தொன்றுக்கு நேரே பென்சிலால் போட்டிருந்த குறுக்குக் கோட்டை ரப்பரால் அழித்தார். காரணத்தைக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவரால் முடிகிறது; எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

நான் தாளைக் கோப்பில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். அவர்கள் வாசல் படியை நெருங்கியிருந்தார்கள். ஆதிகேசவன் வழக்கம்போல அக்காவின் வலது பக்கமாக நடந்துகொண்டிருந்தார். முதல் படியில் கால் வைக்கிறவரை அக்கா நன்றாகத்தான் நடந்தார். அப்புறம் எதையோ நினைத்துக்கொண்டவர் போல நின்று, நொண்ட ஆரம்பித்தார்.

உடைந்தது வலது கால். அக்கா நொண்டியது இடது காலை.

ஆதிகேசவன் ஒரு படி கீழே நின்று அந்தக் காலைப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, கையை நீட்டினார். அக்கா பிடித்துக்கொண்டார்.